லேப்டாப்புக்குள் ஒரு பஞ்சுப் பட்டை

பின்னலாடைக்காரன், திருப்பூர்:

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நான்கு நிட்டிங் மெஷின் ஓடுகிறது. மாடியில் என் அறை. காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு பஞ்சு. இந்த வீட்டில்தான் மூன்று வருடமாக ஒரு கேமிங் லேப்டாப் வைத்திருக்கிறேன். இதைச் சொன்னதுமே மீதிக் கதை உங்களுக்குப் பாதி புரிந்திருக்கும்.

போன சித்திரையில் ஆரம்பித்தது. கேம் போட்டால் பத்து நிமிடம் வெண்ணெய் மாதிரி ஓடும். அப்புறம் படம் விட்டு விட்டு நகரும், கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகும், மறுபடி திக்கும். கீபோர்டின் நடுவில் விரல் வைக்க முடியாத சூடு. ஃபேன் சத்தத்தைக் கேட்டு அம்மா கீழேயிருந்து, "என்னடா, மேலயும் மெஷின் போட்டுட்டியா?" என்றார். நான் இன்டர்நெட்தான் மோசம் என்று நினைத்து ரவுட்டரை மாற்றினேன். தண்டச் செலவு.

உள்ளே இருக்கும் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கேம் ஓடும்போது லேப்டாப்பின் மூளையான சிபியு 98, 99 டிகிரியில் நின்றது. என்னுடைய இன்டெல் சிபியுவுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சூடு இறங்கினால் மறுபடி ஏறும். திராட்டில் ஆவது என்கிறார்களே, அதுதான் நான் பார்த்த திக்கல்.

ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். அடிமூடியைக்கூடக் கழற்றாமல், "போர்டு போயிடுச்சு, பதினாலாயிரம் ஆகும்" என்றார்கள். திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது என் சொந்த முட்டாள்தனம். மெஷின்களில் படியும் பஞ்சை அடித்துத் தள்ள யூனிட்டில் கம்ப்ரஸர் இருக்கிறது. நிட்டிங் மெஷினுக்கே போதுமானது லேப்டாப்புக்குப் போதாதா என்று ஏர் கன்னை எடுத்துப் பின்பக்க ஓட்டையில் வைத்து அழுத்தினேன். உள்ளே ஃபேன் விசில் அடித்தது. நாலு இழை பஞ்சு வெளியே பறந்தது, எனக்கோ ஒரே சந்தோஷம். இரண்டு நாளில் இடதுபக்க ஃபேன் கரகரத்தது, ஒரு வாரத்தில் நின்றே போனது. சூடு குறையவும் இல்லை.

வேறு வழியில்லாமல் நானே திறந்தேன். பார்வைக்கு உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது. ஃபேன் இறக்கைகளில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்துக்கொண்டே ஃபேனைக் கழற்றினேன். அதற்குப் பின்னால், சூடு வெளியேறும் மெல்லிய தகடுகளின் வாயை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. நகத்தால் நெம்பியதும் கிழியாமல் முழுசாக உரிந்து வந்தது, பழைய கம்பளியில் வெட்டிய துண்டு போல. தடவிப் பார்த்தால் எங்கள் பனியன் துணியின் பஞ்சேதான். நான் வெளியேயிருந்து அடித்த காற்று அதை அசைக்கக்கூட இல்லை.

புது ஃபேன் 1,100 ரூபாய். சிபியுவின் சூட்டை வெளியே கடத்த அதன் மேல் தடவும் பசை, அதாவது பழைய தெர்மல் பேஸ்ட், சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தது, அதையும் துடைத்துப் புதிதாக வைத்தேன். அதே அறை, அதே கேம், ஏசி கிடையாது: 81 டிகிரி. ஃபேன் சத்தம் இப்போது கீழே கேட்பதில்லை. நீங்களெல்லாம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திறக்கிறீர்கள்?

*

மெத்தைவாசி, சென்னை:

நான் திறந்ததே இல்லை ப்ரோ. என் பிரச்சினை பஞ்சு மெத்தை. காற்றை உள்ளே இழுக்கும் ஓட்டைகள் லேப்டாப்பின் வயிற்றில் இருக்கின்றன, நானோ இரண்டு வருடம் மெத்தையில் வைத்து ஆடினேன். மேசைக்கு மாறி, பின்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு சோடா மூடி வைத்ததிலேயே ஏழெட்டு டிகிரி குறைந்தது. கூலிங் பேட் (அடியில் வைக்கும் ஃபேன் தட்டு) வாங்க வைத்திருந்த காசு மிச்சம்.

கத்திரி வெயிலில் அதுவும் போதவில்லை என்றால் விண்டோஸ் பவர் செட்டிங்கில் ப்ராசஸரின் உச்ச அளவை 100லிருந்து 99 ஆக்கிவிடுவேன். டர்போ, அதாவது சிபியு தன் சாதாரண வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்றுவிடும். எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) கொஞ்சம் போகும், மெஷின் ஆறிவிடும். ஜூலையில் பழையபடி 100.

*

ஈயப்பற்று, நாகப்பட்டினம்:

தம்பி, கம்ப்ரஸரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், வருடத்துக்கு நாலு பேராவது இப்படிக் கொண்டுவருவார்கள். காற்றடித்து ஃபேனைச் சுற்றவிட்டால் அது தன் சொந்த வேகத்தைவிடப் பல மடங்கு சுற்றும், பேரிங் போய்விடும். கம்ப்ரஸர் டாங்கில் தேங்கும் தண்ணீரும் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து போர்டில் தெளிக்கும். கையால் அழுத்தும் ரப்பர் புளோயர் போதும். இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். உங்களுக்கு இருந்தது போன்ற பட்டையை எந்தக் காற்றும் எடுக்காது. ஃபேனைக் கழற்றி உரித்துத்தான் ஆக வேண்டும்.

சிபியுவிலிருந்து போகும் செம்புக் குழாயைப் பலர் கெட்டிச் செம்பு என்று நினைக்கிறார்கள். உள்ளே கூடு. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளியூண்டு தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகி, தகடு இருக்கும் முனையில் குளிர்ந்து, மறுபடி திரும்பி வரும். இட்லிப் பானை மூடியில் நீர் கோத்துச் சொட்டுவது போலத்தான். அந்தத் தகட்டைத் தூசி மூடினால் ஆவிக்குக் குளிர இடமில்லை. குழாயை வளைத்தாலோ நசுக்கினாலோ கதை முடிந்தது. கழற்றும்போது அதைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி வயரைப் பிடுங்குவது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். டச்பேட் மேலே எழும்பி, கிளிக் ஆகாமல் இருந்தால் பெரும்பாலும் அடியில் இருப்பது அதுதான். அந்த மெஷினை ஆன் செய்யவே வேண்டாம். ஹீட்சிங்கின் மேல், அதாவது சிபியு மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் அந்தக் குழாயும் தகடும் சேர்ந்த பாகத்தில், ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். மூட்டும்போது அந்த வரிசைதான், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் பேஸ்ட் ஒருபக்கமாக ஒதுங்கிவிடும்.

எங்கள் ஊரில் பஞ்சு இல்லை, உப்பு. கடற்கரை ஓரத்து வீடுகளிலிருந்து வரும் மெஷின்களில் ஸ்க்ரூ தலையெல்லாம் துருப் பூத்திருக்கும். அதற்கு ரப்பர் புளோயரில் மருந்தில்லை.

*

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், மதுரை:

அண்ணா, நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். விடுதி அறையில் வைத்துத் திறந்தேன். ஸ்க்ரூ எந்த இடத்தில் எது என்று காகிதத்தில் படம் வரைந்து, அதன் மேலேயே ஒட்டிவைத்தேன். பின்வரிசை ஸ்க்ரூ எட்டு மில்லிமீட்டர், முன்வரிசை ஐந்து. மாற்றிப் போட்டால் மேல்பக்கம் குத்திக்கொண்டு வந்துவிடும். பேஸ்ட்டும் சரியாக வைத்தேன். எல்லாம் முடிந்து ஆன் செய்தால், முன்பு 90 காட்டியது இப்போது எதுவும் ஓடாமல் சும்மா இருக்கும்போதே 100.

மூன்று முறை பிரித்து மூட்டினேன். அறைத்தோழி தூங்கவில்லை, என்னையும் விடவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள், "அந்த ரப்பர் துண்டு பழசு இவ்ளோ தடியா இருந்துச்சா?" என்று. கிராபிக்ஸ் மெமரி மேல் ஒட்டும் தெர்மல் பேட் பழையது கிழிந்துவிட்டதால் புதிது வாங்கியிருந்தேன். பழையது ஒரு மில்லிமீட்டர், நான் வாங்கியது இரண்டு. அந்த ஒரு மில்லிமீட்டர் ஹீட்சிங்க் முழுவதையும் தூக்கிப் பிடித்திருக்கிறது, சிபியு மேல் அது படவே இல்லை. சரியான தடிமனில் போட்டதும் 79. இனிமேல் பழைய பேட் கிழியவில்லை என்றால் தொடமாட்டேன்.

*

மணல்காற்று, ஷார்ஜா:

திருப்பூர் நண்பர் அடுத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் செய்தேன். தூசி உள்ளே வராமலிருக்க அடியில் மெல்லிய நைலான் வலை ஒட்டினேன். இங்கே வீசும் காற்றில் மாவு மாதிரி மணல் வரும். வலை அதைப் பிடித்தது உண்மைதான், காற்றையும் சேர்த்துப் பிடித்தது. முதல் நாளே ஆறு டிகிரி ஏறியது, பத்தே நாளில் வலை அடைத்துக்கொண்டது. பிய்த்து எறிந்துவிட்டு, இப்போது மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றி மெல்லிய பெயின்ட் பிரஷால் தட்டிவிடுகிறேன். இருபது நிமிட வேலை.

*

பின்னலாடைக்காரன், திருப்பூர்:

ஷார்ஜாக்காரரே, வலை வாங்கியே வைத்துவிட்டேன். சரி, அது கொசுவுக்கு ஆகட்டும்.

நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபேன் பக்கம் மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்திலேயே சின்ன விரல் அளவுக்குப் பஞ்சு சேர்கிறது. பேஸ்ட்டைத் தொடுவதில்லை. டிகிரி மறுபடி 90ஐத் தாண்டினால்தான் அதற்கு வேலை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கீழே எல்லா மெஷினையும் துடைக்கும்போது இதையும் கொண்டுபோய்த் துடைத்தேன். மறுநாள் அம்மா நிட்டிங் மெஷின்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு லேப்டாப் மூடியிலும் சந்தனம் வைத்தார். சாம்பிராணித் தட்டை மட்டும் அதன் பக்கம் கொண்டுவர நான் விடவில்லை.