முதுகு வலின்னு போனோம், கடைசில கல்லீரல் கேன்சர்ல வந்து நின்னுச்சு

அப்பாவுக்கு வயித்துல ஒரு தொந்தரவும் இல்லங்க, காமாலை கிடையாது, சாப்பாடும் எப்பவும் போலத்தான். நடு முதுகு வலி மட்டும்தான், பகல்ல எப்படியோ சமாளிச்சுக்குவாரு, ராத்திரி புரண்டு படுக்க முடியாம எழுந்து சேர்ல உக்காந்துடுவாரு. எக்ஸ்ரே பாத்துட்டு தேய்மானம்னு அனுப்பிட்டாங்க, எலும்பு நல்லா அரிச்ச பிறகுதான் எக்ஸ்ரேல தெரியும்ங்கிறதெல்லாம் எங்களுக்கு எங்க தெரியும். எம்ஆர்ஐல முள்ளெலும்பு ஒண்ணு அரிச்சுப்போய் அதை ஒட்டி கட்டி வளந்திருக்குன்னு வந்துச்சு. வேற எங்கிருந்தோ எலும்புக்குப் பரவின கேன்சர்னு சொல்லி நுரையீரலா புராஸ்டேட்டான்னு தேடினாங்க, கல்லீரல் யார் நினைப்புலயும் இல்ல.

துப்பு குடுத்தது ரத்த டெஸ்ட்தான். அல்கலைன் பாஸ்பட்டேஸ்ங்கற என்சைம் எகிறியிருந்துச்சு, அது எலும்பாலயும் ஏறும் கல்லீரலாலயும் ஏறும், கூடவே ஜிஜிடிங்கற கல்லீரல் என்சைமும் ஏறியிருந்ததால கல்லீரலைப் பாக்கணும்னாங்க. கல்லீரல் கேன்சர்ல ஏறக்கூடிய ஏஎஃப்பிங்கற புரதம் ஆயிரக்கணக்குல. ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்னும் அப்பதான் தெரிஞ்சுது, எத்தனை வருஷமா உள்ள இருந்துச்சோ. அப்புறம் மருந்து ஏத்தி கட்டம் கட்டமா எடுக்கற சிடி, முதல் படத்துல கட்டி பளிச்னு இருக்கு, அடுத்ததுல சுத்தியிருக்கற கல்லீரலைவிட மங்கிப்போகுது. சிரோசிஸோ (கல்லீரல் தழும்பேறிப்போறது) நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பியோ இருக்கறவங்களுக்கு இப்படித் தெரிஞ்சா கல்லீரல்ல ஊசி குத்தாமலே கல்லீரல் கேன்சர்னு சொல்லிடலாமாம்.

*

சகோ, எங்க அம்மாவுக்கும் இதே கேன்சர்தான், ஆனா ஏஎஃப்பி நார்மல்ங்க, அதை மட்டும் நம்பி கேன்சர் இல்லைன்னு இருந்துடாதீங்க. பெட் ஸ்கேன்லயும் கல்லீரல் கட்டி சரியா தெரியல, அந்த ஸ்கேனுக்காக ஏத்தற சர்க்கரை மாதிரியான மருந்தை சில கட்டி அவ்வளவா இழுக்காதாம். விலா எலும்புல பயாப்ஸி எடுத்துத்தான் உறுதி பண்ணாங்க, இந்த வகை கட்டில ரத்த ஓட்டம் ஜாஸ்தி, அதனால ரத்தம் சரியா உறையுமான்னு பிளேட்லெட், ஐஎன்ஆர் டெஸ்ட் எல்லாம் பாத்துட்டுத்தான் கையே வெச்சாங்க.

*

சகோ, அப்பாவுக்கு கால் மரத்துப்போகுதா, நடை தள்ளாடுதா, யூரின் போக கஷ்டப்படுறாரான்னு பாத்துக்கிட்டே இருங்க. தண்டுவடத்தை அழுத்துற அறிகுறி அது, அன்னிக்கே ஓடணும், அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல சொல்லிக்கலாம்னு இருக்கவே கூடாது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, சிரோசிஸ் இருந்தா கிட்னிக்கும் ஆபத்து, ரத்தக்கசிவும் வரலாம். என் மாமனாருக்கு வலிக்கற எலும்புல ஒரே தடவைல 8 கிரே அளவு ரேடியேஷன் குடுத்தாங்க, கொஞ்ச நாள்ல வலி நல்லாவே அடங்குச்சு. நோய் போயிடுச்சான்னா இல்ல, அதுக்கான மருந்து தனி. உங்க டாக்டர் ரேடியேஷன் பத்தி பேசலைன்னா நீங்களே கேட்டுடுங்க.