பிளட்டர் ஆப்பில் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ்: லாகின் கழன்றுவிடுகிறது, சில கோப்புகள் மட்டும் இரண்டாகின்றன

பத்திரப்பெட்டி:
வணக்கம். வீட்டுப் பத்திரம், வரி ரசீது ஸ்கேன்களை வைத்துக்கொள்ள பிளட்டரில் (ஒரே கோடில் பல கருவிகளுக்கு ஆப் எழுத உதவுவது) ஒரு ஆப் எழுதியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு, விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், எது வேண்டுமோ இணைத்துக்கொள்ளலாம். ஒன்டிரைவில் தொல்லை இல்லை. மற்றவை:

டிராப்பாக்ஸ்: காலையில் லாகின் செய்தால் மத்தியானத்துக்குள் 401 ('அனுமதி இல்லை' என்ற பிழை) வருகிறது.

டிரைவ்: ஒரு வாரம் நன்றாக ஓடும். பிறகு டோக்கனை (லாகின் செய்ததும் சேவை தரும் அனுமதிச்சீட்டு) புதுப்பிக்கப் போனால் 'இன்வாலிட் கிராண்ட்' என்ற பிழை.

மூன்றாவதுதான் தலையைப் பிய்க்க வைக்கிறது. மேக்கில் சிங்க் ஓடியதும் டிரைவில் சில கோப்புகள் இரண்டிரண்டாக நிற்கின்றன. பெயர் எழுத்துக்கு எழுத்து அதே. எல்லாக் கோப்பும் அப்படி ஆவதில்லை.

இரண்டானவை: கொடைக்கானல் பத்திரம், கோவை வீட்டு வரி, பொன்னேரி பட்டா
ஒன்றாகவே இருப்பவை: மதுரை பத்திரம், ரேஷன் கார்டு, சேலம் பட்டா

கிளிக்_பண்ணிப்பார்:
டிரைவுக்கு முழு அனுமதி ஸ்கோப் கேளுங்க ப்ரோ, எல்லாம் சரியாயிடும். டிராப்பாக்ஸுக்கு 401 வந்தா திரும்ப லாகின் ஸ்கிரீன் காட்டிடுங்க.

இரவுப்பணி:
மேலே சொன்ன ரெண்டையும் செய்யாதீங்க. முழு டிரைவ் ஸ்கோப்பை கூகுள் 'ரெஸ்ட்ரிக்டட்' வகையில வச்சிருக்காங்க. பொதுவுல வெளியிடப் போனா சரிபார்ப்பு, பாதுகாப்பு மதிப்பீடுன்னு இழுக்கும். உங்க ஆப் தானே ஏத்துற கோப்புகளை மட்டும் தொடுது, அதுக்கு 'டிரைவ்.ஃபைல்' ஸ்கோப்பே தாராளம்.

டிராப்பாக்ஸ் கதை நேரடியானது. 2021-லேர்ந்து அவங்க தர்ற ஆக்சஸ் டோக்கனுக்கு ஆயுள் 4 மணி நேரம்தான். லாகின் முகவரியில 'டோக்கன் ஆக்சஸ் டைப்' மதிப்பை 'ஆஃப்லைன்'னு கொடுத்தாத்தான் ரிஃப்ரெஷ் டோக்கன் (திரும்ப லாகின் இல்லாம புது ஆக்சஸ் டோக்கன் வாங்க உதவுறது) கிடைக்கும். நீங்க கொடுத்திருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன். பிகேசிஇ முறையில (ஒவ்வொரு லாகினுக்கும் புதுசா ஒரு ரகசியம் உருவாக்கிச் சரிபார்க்கிறது) பண்ணுங்க, ஆப் சீக்ரெட்டை (டிராப்பாக்ஸ் உங்க ஆப்புக்குத் தந்த ரகசியச் சாவி) ஆப்புக்குள்ள வைக்கவே வேண்டாம்.

டிரைவுக்கு ஒரு கேள்வி: கூகுள் கிளவுட் கன்சோல்ல பப்ளிஷிங் ஸ்டேட்டஸ் 'டெஸ்டிங்'லயா இருக்கு?

பத்திரப்பெட்டி:
ஆமாம், டெஸ்டிங்தான். நானும் தங்கையும் மட்டும்தானே பயன்படுத்துகிறோம் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

இரவுப்பணி:
அதான் காரணம். டெஸ்டிங்ல இருக்கிற வரை ரிஃப்ரெஷ் டோக்கனே 7 நாள்ல காலாவதி ஆயிடும். கோடுல எதை மாத்தினாலும் பிரயோஜனமில்ல. 'ப்ரொடக்ஷன்'னு மாத்திட்டு எல்லாக் கருவியிலயும் ஒருதடவை புதுசா லாகின் பண்ணுங்க, ஏற்கெனவே வாங்கின டோக்கன் உதவாது. டிரைவ்.ஃபைல் மட்டும் கேட்டா பெரிய சரிபார்ப்பு எதுவும் இல்ல.

இரட்டைக் கோப்பு பத்தி எனக்குப் பிடிபடல.

சுழியம்:
அது எனக்குப் பிடிபடுகிறது. உங்கள் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். இரண்டான ஒவ்வொரு பெயரிலும் கொ, கோ, பொ என ஒகர ஓகார எழுத்து ஒன்று இருக்கிறது. மற்ற மூன்றிலும் ஒன்றுகூட இல்லை.

'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒற்றை ஒகரக் குறி (யூனிகோடு எண் 0பிசிஏ). அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு (0பிசி6), கால் (0பிபிஇ) என மூன்று துண்டு. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் வேறு வேறு. ஓகாரமும் ஔகாரமும் இப்படியே உடையும். சேலத்தில் உள்ள ஏகாரமும் மதுரையில் உள்ள ஐகாரமும் உடையாது.

மேக்கில் சிங்க் ஃபோல்டர் எந்த வட்டில் இருக்கிறது? அதன் ஃபார்மட் என்ன?

பத்திரப்பெட்டி:
பழைய வெளி ஹார்ட் டிஸ்க். 'மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட்' என்று காட்டுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டான கோப்புகள் மட்டும் ஒவ்வொரு சிங்கிலும் மறுபடி டவுன்லோட் ஆகின்றன.

சுழியம்:
எக்ஸ்டெண்டட் என்றால் எச்எஃப்எஸ் பிளஸ். அது கோப்புப் பெயரை உடைத்த வடிவில்தான் சேமிக்கும். போனிலிருந்து 'கொடைக்கானல்' சேர்ந்த வடிவில் டிரைவுக்குப் போகிறது. மேக் இறக்குகிறது, வட்டு உடைத்து வைக்கிறது. அடுத்த சிங்கில் உங்கள் ஆப் "இது புதுக் கோப்பு" என்று நினைத்து ஏற்றுகிறது. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் எத்தனை கோப்பு வந்தாலும் டிரைவ் மறுக்காது, அதற்கு ஐடிதான் அடையாளம். சேர்ந்த வடிவப் பெயர் உள்ளூரில் இல்லையே என்று மறுபடி இறக்குகிறது, வட்டு அதே கோப்பின் மேல் எழுதிவிடுகிறது. நீங்கள் பார்த்த டவுன்லோட் அதுதான். இரண்டோடு நிற்பதற்கும் அதுதான் காரணம்.

ஒப்பிடும் முன் இரு பக்கப் பெயரையும் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பிளட்டர் ஆப் எழுதும் டார்ட் மொழியிலேயே அந்த வசதி இல்லை, 'யூனார்ம் டார்ட்' பேக்கேஜ் போதும். அதைவிட முக்கியம், டிரைவ் ஐடியை உங்கள் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை நம்பி சிங்க் எழுதினால் என்றைக்காவது கடிக்கும்.

பத்திரப்பெட்டி:
டிராப்பாக்ஸ் சரியாகிவிட்டது. என்எஃப்சி போட்டதும் புதிதாக எதுவும் இரண்டாகவில்லை. டிரைவ் லாகின் நிலை அடுத்த வாரம்தான் தெரியும். ஏற்கெனவே இரண்டாகி நிற்பவற்றை எப்படிக் கழிப்பது? பத்திரங்கள், பயமாக இருக்கிறது.

சுழியம்:
பெயரை வைத்துக் கழிக்காதீர்கள். நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு கோப்புக்கும் டிரைவ் ஏபிஐ எம்டி5 செக்சம் (உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் கைரேகை போன்ற மதிப்பு) தரும். என்எஃப்சி பெயரும் எம்டி5-ம் ஒத்துப்போனால் மட்டும், பிந்தி உருவானதை டிராஷுக்கு அனுப்புங்கள். டிலீட் அழைப்பு வேண்டாம், அது நிரந்தரமாக அழித்துவிடும். டிராஷில் 30 நாள் இருக்கும்.

இரவுப்பணி:
இதே கோடை டிராப்பாக்ஸுக்கும் ஓட்டலாம்னு நினைக்காதீங்க. அங்க எம்டி5 கிடையாது. கோப்பை 4 எம்பி துண்டா வெட்டி, துண்டுக்கு ஒரு எஸ்எச்ஏ-256 (எம்டி5 மாதிரி இன்னொரு வகைக் கைரேகை) எடுத்து, வந்ததையெல்லாம் சேர்த்து மறுபடி எஸ்எச்ஏ-256 எடுத்த ஹேஷ் அது. மூணு சேவைக்கும் பொதுவா வேணும்னா, ஏத்தும்போதே நீங்களே ஒரு ஹேஷ் எடுத்து உங்க டேபிள்ல போட்டு வச்சுக்கங்க.