மறுமொழி: கருவிகளுக்கான விளக்கு – 'மாற்று' வேண்டாம், 'நிகர்' என்போம்

குழுமத்தாருக்கு வணக்கம். கருவியில் எரிந்துபோன விளக்குக்குப் பதிலாகப் போடும், வேறு கம்பெனி செய்த ஆனால் அசலுக்குச் சமமான விளக்கைத் தமிழில் எப்படி அழைப்பது என்று குழுமத்தில் நடக்கும் பேச்சுக்கு இது என் மறுமொழி.

> 'மாற்று விளக்கு' போதுமே சேர், எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும் தம்பி, ஆனால் வேறு மாதிரி விளங்கிவிடும். கொள்வனவுப் பிரிவில் இருப்பவர் மாற்று வழி, மாற்று ஏற்பாடு, மாற்று மருத்துவம் என்று நாள் முழுக்க வாசிக்கிறவர். 'நுணுக்குக்காட்டிக்கு மாற்று விளக்கு ஒன்று' என்று எழுதிக் கொடுத்தால், வேறு ஏதாவது ஒன்று வாங்கினாலும் சரி என்றே எடுத்துக்கொள்வார். நாம் கேட்பதோ, பழையது செய்த வேலையைப் பிசகாமல் செய்யும் ஒன்றை.

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இப்படித்தான் நடந்தது. நுணுக்குக்காட்டிக்கு வேண்டியது 6 வோல்ற், 20 வாட் ஹலஜன். வந்தது வீட்டு அலங்கார விளக்குகளுக்குப் போடும் 12 வோல்ற், 20 வாட் பல்ப். இரண்டுக்கும் ஒரே அடி, அதாவது சொக்கற்றில் செருகும் பகுதி. ஊசிகளுக்கு இடையே 4 மில்லிமீற்றர். சொக்கற்றில் அழகாகப் போய் உட்கார்ந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் செம்மஞ்சளாய் மங்கிப்போனது. வில்லையில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று எல்லோரும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இதுவே மறுபக்கமாக, 12 வோல்ற் கருவியில் 6 வோல்ற் பல்ப் என்றிருந்தால் போட்ட உடனேயே எரிந்து போயிருக்கும். வோல்ற்றளவு சரியாக இருந்தாலும் பல்புக்குள் ஒளிரும் இழை நிற்கும் உயரம் ஒன்றாக இல்லாவிட்டால் பார்வைப் புலத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல்.

> ஒலுவிலில் இருந்து என் ஓட்டு 'பொருந்து விளக்கு'க்கு.

சகோதரி, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பயமே இந்தச் சொல்லில்தான். ஈ பிடிக்கும் பெட்டிக்கு ஏறத்தாழ 365 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளி தரும் 8 வாட் ரியூப் போடுகிறோம். கிருமி நீக்குவதற்கும் 8 வாட் ரியூப் உண்டு, அது 254 நனோமீற்றர். நீளம் ஒன்று, தடிப்பு ஒன்று, இரண்டு நுனியிலும் ஊசிகள் ஒன்று. பெட்டியில் இரண்டுமே கச்சிதமாகப் பொருந்தும். கிருமி நீக்கும் ரியூப்பை ஈப் பெட்டியில் மாட்டிவிட்டால் கீழே நின்று மீன் வெட்டுகிறவரின் கண்ணும் தோலும் வெந்துபோகும். மாறிப் போட்டால் தண்ணீர் சுத்திகரிப்பானில் நீல வெளிச்சம் எரியும், கிருமி சாகாது, குடிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பொருந்துவது சொக்கற்றின் சங்கதி. நமக்கு வேண்டியது ஒளியின் சங்கதி.

> 'பதிலீட்டு விளக்கு'? பாடநூல்களில் உள்ள சொல்.

உயர்தரப் பொருளியலில் பதிலீட்டுப் பண்டம் என்றால் தேயிலைக்குப் பதில் கோப்பி. கோப்பி நமக்கு வேண்டாம். 'ஈட்டு விளக்கு' என்றால் காணி ஈடு வைப்பதுதான் முதலில் மனதில் வரும், அதையும் விடுவோம்.

என் முன்மொழிவு நிகர் விளக்கு. கருவி செய்த கம்பெனியே தருவது அசல் விளக்கு. வேறு கம்பெனி செய்தாலும் வோல்ற்றளவு, வாட், அடி, இழையின் வடிவமும் உயரமும், எல்லாவற்றுக்கும் மேலாக வெளிவரும் அலைநீளம் ஆகியவை அசலோடு ஒத்துப்போனால் அது நிகர் விளக்கு. ஒன்று பிசகினாலும் அந்தப் பெயர் கிடையாது. இந்தக் கண்டிப்பைச் சொல்லே தாங்க வேண்டும் என்பதுதான் என் வாதம். 'நிகரா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்றுதான் பதில் வரும், 'மாற்றா?' என்று கேட்டால் எதற்கும் ஆம்தான்.

அலைநீளத்தை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், சீனிக் கரைசலைப் பார்க்கும் முனைவாக்கமானியில் சோடியம் விளக்கின் 589 நனோமீற்றருக்குத்தான் அட்டவணை போட்டிருக்கிறது. மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைப் பல்ப் வைத்தால் கண்ணுக்கு அதே மஞ்சள், ஆனால் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் அளவான சுழற்சிக் கோணம் அட்டவணையோடு ஒத்துவராது. நீரில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கும் அணு உறிஞ்சல் கருவியின் குழிக் கதோட்டு (எதிர்மின்வாய்) விளக்கு இன்னும் கறார். கதோட்டு எந்த உலோகமோ அந்த உலோகத்தைத்தான் அளக்கும். செம்பு விளக்கை வைத்துக்கொண்டு கிணற்று நீரில் ஈயம் தேட முடியாது.

'நிகர இலாபம்' என்பதோடு குழம்பாதா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். அது நிகர, இது நிகர். விளக்கு என்ற சொல்லுக்கு முன்னால் 'நிகர்' வந்தால் சமம் என்ற பொருள்தான் நிற்கும்.

அப்புறம், கொள்வனவுப் படிவத்தில் சொல்லை மட்டும் எழுதி விடாதீர்கள். பழைய விளக்கின் அடியிலோ பெட்டியிலோ மூன்றெழுத்துக் குறியீடு இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். நான் மேலே சொன்ன 6 வோல்ற் பல்புக்கு அது இ.எஸ்.பி. (ESB). 'நிகர் விளக்கு, இ.எஸ்.பி.' என்று எழுதினால் கடைக்காரருக்கும் சிக்கல் இல்லை.

ஹலஜனை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. பொருத்துவதை என்னவென்று சொல்வது என்பது இன்னும் பாக்கி. அதன் நிறமாலை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்பது, வேறு, ஆகவே அது நிகர் விளக்கு ஆகாது என்பது என் கருத்து. 'மாற்று விளக்கு' என்பதை அதற்கென்றே ஒதுக்கலாமா?