பென்ஸ் 280இ (டபிள்யூ 123): பழைய ஸ்டாக் டயரா, வேன் டயரா, 15 அங்குல ரிம்மா?

சிப்புட் 123

வணக்கம். வண்டி 1984 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 280இ, டபிள்யூ 123 வரிசை. 6ஜே x 14 அலாய் ரிம் (6 அங்குல அகலம், 14 அங்குல விட்டம்), டயர் 195/70 ஆர் 14 (அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 விழுக்காடு). இருப்பது சுங்கை சிப்புட்டில். வார நாளில் வண்டி போர்ச்சில் நிற்கும். வார இறுதியில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் கொஞ்ச தூரம், பிறகு நெடுஞ்சாலையில் ஈப்போ வரை.

இப்போதுள்ள டயரில் பூ (தரையில் படும் பகுதியின் பள்ள ஆழம்) இன்னும் 6 மில்லிமீட்டர் இருக்கிறது. ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு. டயர் கடையில் மூன்று வழி சொல்கிறார்கள்:

ஒன்று, பெரிய பிராண்டில் 195/70 ஆர் 14, இதுவரை மாட்டாதது, விலை மலிவு, தேதி எண் 1115. இரண்டு, 195 ஆர் 14 சி, 8 பிளை வேன் டயர், புதுசு, "எஸ்டேட் ரோட்டுக்கு இதுதான் தாங்கும்" என்கிறார்கள். மூன்று, அடுத்து வந்த பென்ஸ் வரிசையான டபிள்யூ 124 வண்டியின் 15 அங்குல ரிம், அதில் 205/60.

எதை எடுப்பது? இன்னொன்று, 95 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. டயர் மாற்றினால் போய்விடுமா?

பேராக் பென்ஸ்

தம்பி, மூன்றுமே வேண்டாம். அதே 195/70 ஆர் 14 அளவில், தேதி புதிதாக உள்ள டயரை ஆர்டர் கொடுத்து வரவழையுங்கள். பிராண்டு கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கச்சுவரில் 91எச் என்று இருக்க வேண்டும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம். 280இ 200-ஐத் தொடும் வண்டி. நாம் 110-க்கு மேல் போவதில்லை என்று டி (190) போடச் சொல்வார்கள். எச் கிடைக்கும்போது ஏன் இறங்க வேண்டும்? வேகக் குறியீடு என்பது சூட்டைத் தாங்கும் அளவும்கூட. நம் ஊர் மத்தியான வெயிலில் அது வீணாகாது.

1115 என்றால் 2015-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்கவும், தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டில் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடவும் டயர் தயாரிக்கும் மிஷலினே சொல்கிறது. கடை அலமாரியில் இருந்தாலும் வயது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வேன் டயர் தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான். செம்பனைக் குலை ஏற்றும் வண்டிக்குச் சரி, உங்களுக்குச் சரியில்லை. 195 ஆர் 14 சி-யின் விட்டம் ஏறக்குறைய 666 மில்லிமீட்டர். உங்கள் டயர் 629. ஆறு விழுக்காடு பெரிது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-இல் ஓடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசவும் கூடும். அதன் வேகக் குறியீடு பெரும்பாலும் கியூ அல்லது ஆர், அதாவது 160, 170. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, பக்கச்சுவர் விறைப்பு. டபிள்யூ 123-இன் அந்த மிதக்கும் ஓட்டத்தில் பாதி வேலையை 70 புரொஃபைல் பக்கச்சுவர்தான் செய்கிறது. அதைக் கொன்றுவிட்டு அந்த வண்டியை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

15 அங்குலக் கணக்கு தாளில் அழகாக இருக்கும்: 205/60 ஆர் 15-இன் விட்டம் 627, மீட்டர் மாறாது. சிக்கல் ஆஃப்செட்டில், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முடுக்கும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதில். உங்கள் ரிம் இடி 30, அதாவது 30 மில்லிமீட்டர். டபிள்யூ 124 ரிம் இடி 49 பக்கம் வரும். சக்கரம் 19 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். அதைச் சரிக்கட்ட ஸ்பேசர் (ரிம்முக்குப் பின்னால் வைக்கும் தகடு), அதற்கு நீளமான போல்ட் என்று செலவு இழுக்கும். போதாததற்கு, பக்கச்சுவர் உயரம் 136-இலிருந்து 123-ஆகக் குறையும். செம்மண் சாலைக் குழியில் ரிம் அடிபடும்.

கமுந்திங் ரப்பர்

பேராக் பென்ஸ் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. பூ நிறைய இருந்தும் ஏன் வெடிக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

பால் மரத்து ரப்பரின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அவற்றை அறுக்கும். ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில் அந்த அறுப்பு வெடிப்பாகத் திறக்கும். அதனால்தான் டயரில் ஒருவகை மெழுகும் ஓசோன் தடுப்பு வேதிப்பொருளும் கலக்கிறார்கள். டயர் உருளும்போது பக்கச்சுவர் மடிந்து நிமிரும். அந்த அசைவில் இவை மேற்பரப்புக்கு வந்து படியும். வாரத்தில் ஐந்து நாள் நிற்கும் வண்டியில் அது நடப்பதில்லை. ஆகவே குறைவாக ஓடும் டயர்தான் சீக்கிரம் வெடிக்கும்.

பக்கச்சுவரில் பழுப்பு நிறப் படலம் தெரியும், பார்த்திருப்பீர்கள். அழுக்கு என்று நினைத்துப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தடுப்புப் பொருள்தான் அது. எண்ணெய் கலந்த பளபளப்பு மருந்தும் அதைக் கரைத்துவிடும். வெறும் தண்ணீரும் லேசான சோப்பும் போதும்.

வெடிப்பைப் பார்க்க ஒரு வழி. நிற்கும் டயரின் அடிப்பகுதி, தரையை ஒட்டிப் பிதுங்கி நிற்கும் இடத்தில், டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு வாய் திறந்து உள்ளே நூல் தெரிந்தால் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகவே கூடாது. பூக்கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் அடியிலும் பாருங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

தோட்டத்துச் சாலையில் செம்பனை மட்டை முள் பூவில் குத்தினால் உள்ளிருந்து பேட்ச் ஒட்டலாம். பக்கச்சுவரில் குத்தினால் ஒட்டு கிடையாது, டயரையே மாற்ற வேண்டும்.

சிப்புட் 123

மிக்க நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். ஆர்டர் கொடுத்துவிடுகிறேன். மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்? ஸ்பேர் மட்டும் இரும்பு ரிம்.

பேராக் பென்ஸ்

ஸ்பேர் இரும்பு என்று சொன்னது நல்லதாயிற்று. அலாய் ரிம்முக்கு நீளமான போல்ட், இரும்பு ரிம்முக்குக் குட்டையானது. நீளமானதை இரும்பு ரிம்மில் முடுக்கினால், பின்சக்கரத்தில் அதன் முனை உள்ளே நீண்டு ஹேண்ட்பிரேக் பாகங்களை இடிக்கும். குட்டைப் போல்ட் ஐந்தை டூல் பையில் போட்டு வையுங்கள்.

டயரைக் கழற்றியதும் ரிம்மின் விளிம்பு உட்காரும் இடத்தைப் பாருங்கள். நாற்பது ஆண்டு அலாயில் வெள்ளைப் பொடியாக அரிப்பு இருக்கும். மெதுவாகக் காற்று இறங்குவதற்கு அதுதான் காரணம். வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பீட் சீலர் (காற்றுக் கசியாமல் விளிம்பில் பூசும் பசை) தடவி ஏற்றச் சொல்லுங்கள். வால்வு நான்கும் புதிது போட வேண்டும். காற்று நிற்கவில்லை என்று டியூப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் உரசிச் சூடேறும். கடைசி முடுக்கு காற்றுத் துப்பாக்கியால் வேண்டாம், டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கைப்புத்தகத்தில் உள்ள அளவுக்கு. 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

காற்று அளவு பெட்ரோல் மூடிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். ஓடிச் சூடான பின் கூடுதலாகக் காட்டினால் இறக்கக் கூடாது.

நடுக்கத்துக்கு வருவோம். புறப்பட்டு 15, 20 நிமிடத்தில் தானாக நின்றால், நின்று நின்று டயர் தட்டையானதுதான் காரணம், புது டயரில் போய்விடும். நிற்காவிட்டால் பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். பேலன்சிங் செய்தும் ஸ்டியரிங் ஆடினால் முன்பக்கத்து கைடு ராட் புஷ் (சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பியின் ரப்பர்), ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் பாகம்) இரண்டையும் சோதியுங்கள். இந்த மாடலில் புஷ் போய்விட்டால் புது டயரும் அலையலையாகத் தேயும். ஆகவே முதலில் புஷ், பிறகு டயர், கடைசியில் அலைன்மெண்ட். பின்சக்கரம் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பின் ஸ்பிரிங் தளர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதை அலைன்மெண்ட் கடையில் சரிசெய்ய முடியாது, ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.