ஹேண்ட்ஓவர், நேர மண்டலம், இயந்திர மொழிபெயர்ப்பு: கண்டம் தாண்டிய வேலை எங்கே சறுக்குகிறது? (புனைபெயரில் ஐந்து பேர் பேசும் உரையாடல்)

ராக்கோழி

விலைப் போட்டி உலகம் முழுக்கப் பரவிய பிறகு, ஒரே வேலையை மூன்று கண்டத்து ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்கிறார்கள். சூரியனோடு வேலையும் நகர்கிறது என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கைமாறும் அந்த இடத்தில்தான் நாள் நாளாக நேரம் கரைகிறது. பத்து மணி நேர வித்தியாசத்தில் ஒருவர் கேள்வி அனுப்பினால், எதிர்ப்பக்கம் தூங்கப் போயிருக்கும். "எந்த சர்வர்?" என்ற இரண்டு சொல்லுக்கு ஒரு நாள். "எந்தத் தேதி லாக்?" (கணினி நிகழ்வுப் பதிவு) என்றால் இன்னொரு நாள்.

ஷிப்ட் முடிப்பவர் அடுத்தவருக்கு எழுதிவைப்பதுதான் ஹேண்ட்ஓவர் குறிப்பு. வழக்கமாக வருவது இது:

"அந்த இம்போர்ட் பிரச்சினை இன்னும் இருக்கிறது. பார்த்துக்கொள்ளவும்."

வேலைக்கு ஆகும் குறிப்பு இப்படி இருக்கும் (யுடிசி என்பது உலகப் பொது நேரம்; யுடிஎஃப்-8 என்பது எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் பொது முறை):

"ஆர்டர் இம்போர்ட் 14:20 யுடிசிக்கு நின்றது. மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தாயிற்று. மூன்று முறையும் 4,112ஆம் வரியில் நிற்கிறது. அந்த வரியில் வாடிக்கையாளர் பெயர் யுடிஎஃப்-8 அல்லாத குறியாக்கத்தில் வந்திருக்கிறது. அதைத் தனியே எடுத்துவைத்து 4,113இலிருந்து ஓட்டலாம் என்பது ஊகம், சோதிக்கவில்லை. விலைப்பட்டியல் டேபிளைத் தொட வேண்டாம், பாதி எழுதிய நிலையில் இருக்கிறது. 18:00 யுடிசிக்குள் ஓடாவிட்டால் கிடங்குக்குச் சொல்லிவிடவும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை."

எதைத் தொடக்கூடாது, எதற்கு அனுமதி வேண்டாம் என்ற இந்த இரண்டையும்தான் பெரும்பாலானோர் எழுதாமல் விடுகிறார்கள். "சோதிக்கவில்லை" என்ற சொல்லும் முக்கியம். கண்டதையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்லாவிட்டால், அடுத்து வருபவர் ஊகத்தின்மேல் எட்டு மணி நேர வேலையைக் கட்டிவிடுவார். பிழைச் செய்தியை ஸ்க்ரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நாட்காட்டி

யுடிசி என்று எழுதியதற்கே ஒரு கும்பிடு, ராக்கோழி. சிஎஸ்டி என்று ஒருவர் எழுதினால் அது சீன நேரமா, அமெரிக்க மத்திய நேரமா, கியூபா நேரமா? ஐஎஸ்டி இந்தியாவுக்கும் அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் பொது. சுருக்கெழுத்தை விட்டுவிட்டு "யுடிசி +5:30" போல வித்தியாசத்தையோ, ஊர்ப் பெயர் வைத்த நேர மண்டலத்தையோ எழுதுவதே பத்திரம்.

அதைவிடப் பெரிய குழி கோடைக்கால நேரம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. ஐரோப்பா கடைசி ஞாயிறன்று. நடுவில் இரண்டு அல்லது மூன்று வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே ஐந்துக்குப் பதில் நான்கு மணி நேரம்தான். 2026இல் மார்ச் 8 முதல் 29 வரை மூன்று வாரம். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. அப்போது ஒரு வாரம் இதே கூத்து. வாராந்திர மீட்டிங்குக்குப் பாதிப்பேர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். அழைப்பை உருவாக்கியவரின் மண்டலத்தில்தான் மீட்டிங் நிலைத்து நிற்கும், மற்றவர்களுக்கு நகரும். ஆகவே யார் நகரக்கூடாதோ அவரையே அழைப்பை உருவாக்கச் சொல்லுங்கள்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "எல்லாவற்றையும் யுடிசியில் சேமி" என்பது பாதி உண்மைதான். நடந்து முடிந்ததற்குச் சரி. வரப்போகும் மீட்டிங்கை உள்ளூர் நேரமாகவும் மண்டலப் பெயராகவும் சேமிக்க வேண்டும், ஏனென்றால் அரசுகள் விதியை மாற்றும். மெக்சிகோ 2022இல் நாட்டின் பெரும்பகுதியில் கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது, எகிப்து 2023இல் மறுபடி கொண்டுவந்தது. முன்கூட்டியே யுடிசியாக மாற்றி வைத்தவை அப்போது ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

தசமப்புள்ளி

இதோடு சேர்த்து: 03/04 என்பது சிலருக்கு மார்ச் 4, சிலருக்கு ஏப்ரல் 3. 2026-04-03 என்று சர்வதேசத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 8601 முறையில் (ஆண்டு, மாதம், நாள்) எழுதினால் சண்டை இல்லை. 1.250 என்பது ஜெர்மானியருக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது. விரிதாள் மென்பொருளை நம்பி சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைத் தரவு) இருமுறை க்ளிக் செய்து திறக்காதீர்கள். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும், சில குறியீடுகள் தேதியாகிவிடும். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் சில மரபணுக்களின் குறியீட்டை மாற்றியது. இம்போர்ட் வழியாகப் போய், அந்தந்த நெடுவரிசையை "எழுத்து" என்று குறித்துத் திறங்கள்.

அடைப்புக்குறி

மொழிபெயர்ப்பில் போட்டி எப்படி மாறியிருக்கிறது என்றால், வெற்றுத்தாளில் தொடங்கும் வேலை குறைந்து, இயந்திரம் கொடுத்ததைத் திருத்தும் வேலை பெருகிவிட்டது. இதற்கென்றே ஐஎஸ்ஓ 18587 என்ற தரநிலை 2017இல் வந்தது. பழைய இயந்திரத்தின் தவறு கண்ணில் குத்தும். இப்போது வாக்கியம் வழவழவென்று இருக்கும், தவறு உள்ளே ஒளிந்திருக்கும். அதனால் முதலில் மொழிநடையைத் திருத்தப் போகாதீர்கள். எண்கள், எதிர்மறைகள், பெயர்கள், கலைச்சொற்கள் நான்கையும் மூலத்தோடு ஒப்பிட்டு முடியுங்கள். மொழிநடை அதற்குப் பிறகு.

எதிர்மறை ஏன் தப்பிக்கிறது? ஆங்கிலத்தில் "இல்லை" வாக்கியத்தின் நடுவில் உட்காரும், தமிழில் கடைசி வினையில் வரும். மென்பொருள் முற்றுப்புள்ளியைப் பார்த்து வாக்கியத்தை வெட்டும். "எண் 5" என்பதன் ஆங்கிலச் சுருக்கமான "No. 5"இலும் ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே வெட்டுப்பட்டால் "இல்லை" என்று ஒரு வாக்கியம், "5" என்று இன்னொன்று வந்து நிற்கும். பார்த்தால் சிரிப்பு வரும். மருந்து வழிகாட்டியில் வந்தால் வராது. உறவுமுறையும் அப்படியே: ஆங்கிலத்தின் "அங்கிள்" என்ற ஒரே சொல்லுக்கு மாமாவா சித்தப்பாவா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரே கடிதத்தில் "நீ"யும் "நீங்கள்"உம் மாறி மாறி வரும்.

சொல் எண்ணிக்கைக்குக் கூலி பேசும் முன், கோப்பின் நடுப்பகுதியிலிருந்து 300 சொல் எடுத்துத் திருத்தி, கடிகாரம் பாருங்கள். முதல் பக்கம் எப்போதும் சுலபமாக இருக்கும், அதை நம்பாதீர்கள். மூலத்தைப் படித்து நீங்களே எழுதுவதைவிட நேரம் அதிகமானால், "திருத்தம்" என்ற பெயரில் முழு மொழிபெயர்ப்பைப் பாதிக் கூலிக்குச் செய்கிறீர்கள்.

ஒலிவாங்கி

பேச்சு பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 12,000 கிலோமீட்டர் கேபிளுக்கே 60 மில்லிநொடி. அதை எந்தப் பணத்தாலும் குறைக்க முடியாது. மீதியைக் குறைக்கலாம்: ப்ளூடூத்தை விட்டு வயர் ஹெட்செட், வைஃபையை விட்டு கேபிள். இருவர் ஒரே நேரத்தில் தொடங்கி, இருவரும் நின்று, மறுபடி இருவரும் தொடங்குவது மரியாதைக் குறைவு இல்லை, தாமதம். அடுத்துப் பேசுபவரின் பெயரைச் சொல்லி அழைத்தால் பாதி தீரும்.

ராக்கோழி

அடைப்புக்குறி சொன்னதுதான் இங்கேயும்: வாக்கியம் வழவழவென்று இருக்கிறது என்று குறிப்பை நம்பிவிடக் கூடாது. இப்போது சிலர் அரட்டைப் பதிவை இயந்திரத்திடம் கொடுத்து ஹேண்ட்ஓவரைச் சுருக்கச் சொல்கிறார்கள். முதலில் காணாமல் போவது அந்த "சோதிக்கவில்லை"தான். சுருக்கிய பிறகு அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இன்னொன்று, குறிப்பை ஷிப்ட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுதாதீர்கள். நாற்பது நிமிடம் முன்பே தொடங்குங்கள். எழுதும்போதுதான் ஏதோ ஒன்றைச் சோதிக்காமல் விட்டது தெரியவரும். அதைச் சோதிக்க அப்போது நேரம் இருக்கும்.