பழைய பைக்குக்கு இன்சூரன்ஸ் தண்டச் செலவா?

பழைய ஸ்ப்ளெண்டர்:
2013 மாடல், 100 சிசி. விற்றால் இருபதாயிரம்கூடத் தேறாது. கடைக்கும் வயலுக்கும்தான் ஓடுகிறது. இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாசம் ஆச்சு. வண்டி போனாலே கவலையில்லை எனும்போது வருஷா வருஷம் எதற்குக் கட்டணும்? போலீஸ் பிடித்தால் ஃபைன் கட்டிவிட்டால் போச்சு இல்லையா?

தராசுமுள்:
முதலில் ஃபைன் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 196-ஆவது பிரிவுப்படி முதல் தடவை 2,000 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை 4,000. உங்கள் வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம், 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி 714 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு ஃபைன் காசில் இரண்டு வருஷம் கட்டிவிடலாம்.

ஆனால் விஷயம் அதுவல்ல. தேர்ட் பார்ட்டி பாலிசி உங்கள் வண்டிக்கு இல்லை. வண்டி களவு போனாலும் அதில் சல்லிக்காசு வராது. நீங்கள் யாரை இடிக்கிறீர்களோ அவருக்கானது அது.

34 வயது கொத்தனார், மாசம் 15,000 சம்பாத்தியம், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று வையுங்கள். உங்கள் வண்டி இடித்து அவர் இறந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இப்படிக் கணக்குப் போடும்: எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 14,000. வருஷத்துக்கு 1,68,000. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 26,88,000 ரூபாய். ஈமச்செலவு முதலானவை தனி.

பாலிசி இருந்தால் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே கிடையாது, கம்பெனி கட்டும். இல்லையென்றால் வண்டி உரிமையாளர் தலையில் விழும். வீடு, நிலம் ஜப்தி வரை போகும். உங்களிடமும் ஒன்றுமில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்குத் தீர்ப்பு நகல் மட்டும்தான் மிஞ்சும். கட்டாயம் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான். வண்டி உங்களுடையது, ரோடு எல்லாருக்கும்.

பழைய ஸ்ப்ளெண்டர்:
இந்தக் கணக்கு தெரியாது சார். இரண்டு சந்தேகம். வீட்டுக்காரம்மா பின்னால் உட்காருவாங்க, அவங்களுக்கு இதில் உண்டா? அப்புறம் ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேரில்தான் இருக்கு.

சைடு ஸ்டாண்ட்:
பின்னால் உட்காருபவருக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் கிடையாது. பலர் ஏமாறுகிற இடம் இது. எதிர் வண்டி மேல் தப்பு என்றால் அந்த வண்டி இன்சூரன்ஸில் கேட்கலாம். நீங்களே சறுக்கி விழுந்தால் வழியில்லை. உங்கள் வண்டிக்கும் சேர்த்துக் காப்பு தரும் முழு பாலிசியில் அவருக்குக் கவர் உண்டு. இவ்வளவு பழைய வண்டிக்குக் கம்பெனிகள் தயங்கும். தராவிட்டால், பின்னால் உட்காருபவருக்கான விபத்துக் காப்பைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி. விஷயம் இதைவிட மோசம். வண்டியை யார் ஓட்டினாலும், ஆர்.சி.யில் பேர் இருப்பவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் இடித்தால் நோட்டீஸ் போவது விற்றவர் வீட்டுக்கு, பாவம். உரிமையாளரே ஓட்டி அடிபட்டால் தருகிற 15 லட்ச ரூபாய் ‘ஓனர் டிரைவர்’ விபத்துக் காப்பும் உங்களுக்குக் கிடைக்காது. அதற்கு ஆர்.சி. உங்கள் பேரில் இருக்கணும், லைசென்ஸும் நடப்பில் இருக்கணும்.

தராசுமுள்:
வரிசை மாறாமல் செய்யுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் பேர் மாற்றம் நடக்காது. அதனால் இப்போது ஆர்.சி.யில் உள்ள பேரிலேயே முதலில் பாலிசி போட்டு, ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்றவரிடம் கையெழுத்து வாங்கிப் பேர் மாற்றுங்கள். ஆர்.சி.யில் பழைய வண்டிக் கடன் பதிவு இருந்தால் ஃபாரம் 35-ம் வேணும். பிறகு புது ஆர்.சி.யைக் காட்டி பாலிசியிலும் பேர் மாற்றணும். இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் இன்ஜின், சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். தொடங்கும் தேதி மட்டுமல்ல, மணியும் போட்டிருக்கும். காலையில் இடித்துவிட்டு மத்தியானம் எடுத்த பாலிசி செல்லாது. அதுவரை வண்டியை வீட்டிலேயே நிறுத்தி வையுங்கள்.