டிஎன்ஏ இருக்கும்போது சூரியகாந்திக் குடும்பத்தின் கனியை வெட்டிப் பார்ப்பது எதற்கு?

கிளைவழி: சூரியகாந்திக் குடும்பத்தைக் கனியை வைத்து வகைப்படுத்துவது வீண் வேலை என்றே எனக்குப் படுகிறது. அந்தக் குடும்பத்துத் தோட்டப் பூச்செடி காலண்டுலாவை எடுங்கள். பல சிறுமலர்கள் சேர்ந்த ஒரே பூத்தலையில் ஓரத்தில் கொக்கிபோல வளைந்த கனி, அதற்கடுத்துப் படகுபோல இறக்கை வைத்தது, உள்ளே மோதிரம்போலச் சுருண்டது. தனித்தனியாகக் கையில் கொடுத்தால் மூன்று செடி என்றுதான் எழுதுவீர்கள்.

நுண்நோக்கி: அது வெளித்தோற்றம். பறக்கவும் ஒட்டவும் ஏற்றபடி சீக்கிரம் மாறும், அதில் சண்டையே இல்லை. உள்ளே பார்த்தீர்களா? நாம் விதை என்று சொல்லும் முற்றிய சூரியகாந்திக் கனியை, அதாவது கீழ்மட்டச் சூல்பையிலிருந்து வந்த சிப்செலாவை, பிளேடால் குறுக்கே சீவினால் நார்ச் செல்களுக்கு வெளியே மை இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு ஓடும். அதுதான் ஃபைட்டோமெலனின் என்ற கறுப்புப் பொருள், அமிலத்துக்கும் லேசில் மசியாது. அதே கறுப்பு இந்தக் குடும்பத்தின் இன்னொரு பிரிவான யூபடோரியம் கூட்டத்திலும் இருக்கிறது. தாவரவியலாளர் பென்தம் 1873இல் அந்தக் கூட்டத்தை வெர்னோனியா கூட்டத்துக்கு அடுத்து வைத்தார். டிஎன்ஏ வந்து அதைச் சூரியகாந்தியின் பரிணாமக் கிளைக்குள் சேர்த்தது. கனிச்சுவர் காட்டும் இடமும் அதுவே!

கிளைவழி: சரி, அந்தக் கறுப்பு அடுக்கே இல்லாத சூரியகாந்தி ரகங்களும் உண்டே? ஒரே சிற்றினத்துக்குள் தொலைந்துபோகிற பண்பை நம்பிக் கிளை பிரிப்பீர்களா?

நுண்நோக்கி: அவை பயிர் ரகங்கள். அடுக்கு இல்லாதவற்றைப் புழு எளிதாகத் துளைத்துவிடும். மனிதன் காத்து வளர்ப்பதால் தாக்குப்பிடிக்கின்றன. அதோடு ஒற்றைப் பண்பை மட்டும் நம்பு என்று நான் சொல்லவில்லை. கனி தலையிலிருந்து கழன்று விழும் அடிப்பகுதியின் செல் அமைப்பு, கனிச்சுவரின் விலா வரிகள், அதன்மேல் இருக்கும் இரட்டை மயிர்கள் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முற்றியகனி: இருவருமே வளர்ச்சியை விட்டுவிட்டீர்கள். நானே ஒருமுறை 'கறுப்பு இல்லை' என்று குறித்துவிட்டு, அதே செடியின் முற்றிய கனியைச் சீவியதும் குறிப்பைத் திருத்தினேன். நார் அடுக்கும் அதன் மேலடுக்கும் விலகி இடைவெளி உண்டான பிறகுதான் அங்கே கறுப்பு படியும், பிஞ்சில் வெளுப்பாகத்தான் தெரியும். உலர் தாவரத் தாள்களில் பல பூத்த நிலையில் பறித்தவை, கவனம்.

கிளைவழி: இது நியாயம். கனியின் பருவத்தைக் குறிக்காத அட்டவணையை இனி ஏற்கமாட்டேன். ஆனால் கிளையைப் பிரிக்க டிஎன்ஏதான் முதலில், அதில் நான் மாறவில்லை.

நுண்நோக்கி: பிரிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். தானியத்தில் கலந்து கிடக்கும் ஒற்றைக் கனியைப் பார்த்தீனியம் என்று அடையாளம் காண எனக்குக் கைலென்ஸ் போதும்: பக்கத்திலிருந்த இரண்டு மலட்டுச் சிறுமலர்களையும் அது ஒட்டவைத்துக்கொண்டே விழும்.